இன்னைக்கு பெல்ட் மட்டும்

மனைவி ஆட்ரிக்கு டயாலிசிஸ் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில், அவளிடம் எதையும் கேட்காமல் இருக்க மரியநாயகம் பழகிக்கொண்டார். "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டால், "இருந்துச்சு" என்பாள். அதற்குமேல் பேச்சு நகராது.

செவ்வாய், வியாழன், சனி. மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் இருந்தது அந்த நிலையம். காலை ஏழு மணிக்கு அவளை மேலே கொண்டுபோய் விடுவார். இடது கையில் இரண்டு ஊசி. நான்கு மணி நேரம். பதினைந்து சாய்வு நாற்காலிகள், பதினைந்து இயந்திரங்கள், சுவரில் சத்தம் குறைத்து வைத்த ஒரு டிவி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தால் ஆட்ரி கூரையைப் பார்த்தபடி கிடப்பது தெரியும். தூங்கவும் மாட்டாள், டிவி பார்க்கவும் மாட்டாள். அவர் கீழே இருந்த தமிழ் முஸ்லிம் உணவகமான மாமாக் கடையில் தே தாரேக் என்ற ஆற்றிய பால் தேநீரை வாங்கி வைத்துக்கொண்டு பதினொன்றரை வரை உட்கார்ந்திருப்பார். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவருக்கு மதிய ஷிப்ட் என்பதால் காலையெல்லாம் அவளுக்காக இருந்தது. ஆனால் அந்தக் காலையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

நாற்பத்தேழு வயதுவரை ஆட்ரி ஒரு நிமிடம் சும்மா இருந்தவள் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சரக்குக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் வேலை. காலையில் நெடுஞ்சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஒருத்தியைப் பினாங்குக்கும் ஒருவனைச் சிங்கப்பூருக்கும் அனுப்பியாகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது.

கல்லூரிக் காலத்தில் ஒரு தோழி வீட்டில் பார்த்துப் பிடித்துப்போனது அது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான போர்வீரர்கள், பூதங்கள், குதிரைகள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்காக வரும். வாங்குகிறவர்தான் ஒட்டி, வண்ணம் தீட்டி, உயிர் கொடுக்க வேண்டும். ஆட்ரி வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று பெட்டி வாங்குவாள். "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்", "இந்த வருஷக் கடைசி வேலை முடியட்டும்" என்று அலமாரியில் வைப்பாள். முப்பத்தொரு பெட்டிகள் சேர்ந்தன. வண்ணம் தீட்டி முடித்தவை நான்கே பொம்மைகள். வீடு மாறியபோது அந்தப் பெட்டிகளைச் சுமந்து இறக்கிய மரியநாயகம் மூச்சு வாங்கியபடி, "இதுங்கள எப்பதான் அடக்கம் பண்ணப் போற?" என்று கேட்டார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆட்ரி சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை வாயிலிருந்து விட்டிருக்கக் கூடாது என்று அவர் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"மேல் தட்டுல குள்ளனுங்க பெட்டி ஒன்னு இருக்கு. எடுத்துக் குடுங்க."

"எதுக்கு?"

"வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் என்னைக் கட்டிப் போடுறாங்க. இருபது வருஷமா டைம் இல்ல, டைம் இல்லன்னு சொன்னேன். இப்ப வேணாம் வேணாம்னாலும் டைம் குடுக்குறாங்க. கூரைய எத்தன நாள்தான் பாக்குறது?"

அந்தப் பெட்டியில் இருபது குள்ள வீரர்கள். தாடி இடுப்புவரை தொங்கும், கையில் கோடாலி, தலையில் இரும்புத் தொப்பி. அன்று மாலையே ஆட்ரி அவர்களின் பாகங்களை வெட்டி எடுத்து ஒட்ட ஆரம்பித்தாள். நாற்றமடிக்கும் பசையையும் அடிப்பூச்சையும் பால்கனியிலேயே முடித்துக்கொண்டாள். நிலையத்தில் செய்ய வேண்டியது தண்ணீரில் கரையும் வண்ணம் மட்டும்தான்.

ஆனால் நிலையத்தில் ஸ்டெஃபனி இருந்தாள். தலைமைத் தாதி. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் பதினைந்து நாற்காலிகளும் அவள் புருவத்தைப் பார்த்துத்தான் அசையும்.

"அக்கா, மெஷின் பக்கத்துல தண்ணி கப்பா? முடியாது லா. ஊசி அசஞ்சா யார் பதில் சொல்றது?"

"இடது கை அசையாது சிஸ்டர். வலது கை மட்டுந்தான்."

"பெயின்ட் வாடை?"

ஆட்ரி ஒரு புட்டியைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டினாள். வாடை இல்லை. தண்ணீரை மூடிபோட்ட மருந்துப் புட்டியில் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்றாள். ஸ்டெஃபனி மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனாள். அடுத்த வாரம் அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. முதல் ஒரு மணி நேரம் கூடாது, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி அரை மணி நேரமும் கூடாது. நடுவில் இரண்டரை மணி நேரம் கிடைக்கும்.

அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான சிக்கல் புரிந்தது. ஒரு கையால் தூரிகை பிடிக்கலாம். பொம்மையை யார் பிடிப்பது? உறவினர்கள் உள்ளே உட்காரக் கூடாது. இந்த இடத்தில்தான் மரியநாயகத்துக்கும் ஒரு வேலை வந்தது.

நாற்காலிக்குக் குறுக்கே தள்ளி வைக்கும் சிறு மேசை ஒன்று உண்டு. அதில் பொருத்துவதற்குப் பட்டறையிலிருந்து ஒரு பழைய பிடிகருவியைக் கொண்டுவந்தார். கனம் தாங்காமல் மேசை சாய்ந்தது. அடுத்து, மேசை விளக்கின் மடக்குக் கையை வெட்டி ஒன்று செய்தார்.

"தொட்டா தலையாட்டுறான். எதச் சொன்னாலும் சரிங்கிறான்" என்றாள் ஆட்ரி. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு அவள் செய்த முதல் கேலி அது. மரியநாயகத்துக்கு அன்று முழுவதும் பட்டறையில் கை வேகமாக ஓடியது.

மூன்றாவது தாங்கி பழைய கேமரா முக்காலியின் உருண்டை மூட்டில் அமைந்தது. அடியில் ஒரு திருகு மேசை விளிம்பைக் கவ்விக்கொள்ளும். மேலே ஒரு சிறு தட்டு. பொம்மையை அதில் ஒட்டிவிட்டால், சுண்டுவிரலால் தட்டைத் தள்ளி எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். ஆட்ரி மணிக்கட்டைச் சுருட்டிய துண்டின்மேல் ஊன்றிக்கொண்டாள். இயந்திரத்தின் மெல்லிய அதிர்வு மேசைவரை வரத்தான் செய்தது. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, அந்த நொடியில் தூரிகை நுனியை வைத்து எடுப்பாள். கடுகில் கால்வாசி இருக்கும் ஒரு கண். அதில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குள் ஒரு கறுப்புப் புள்ளி.

முதல் குள்ளனை முடிக்க ஐந்து முறை டயாலிசிஸ் ஆனது. அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தபோது மரியநாயகம் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். கன்னத்தில் குளிரில் சிவந்தது போன்ற ஒரு நிறம். தாடியின் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரிந்தது. கோடாலியின் விளிம்பில் தீட்டிய இரும்பின் பளபளப்பு. உலோகத்தோடு முப்பது வருடம் பழகிய கண் அவருடையது. அது பிளாஸ்டிக் என்று அந்தக் கண் நம்ப மறுத்தது.

"ஒத்தக் கையில செஞ்சியா?"

"நீங்கதான மத்தக் கையச் செஞ்சு குடுத்தீங்க."

பக்கத்து நாற்காலியில் ஐயாவு என்று ஒரு பெரியவர் இருந்தார். காப்பார் பக்கம் லோரி ஓட்டியவர். எட்டு வருடமாக டயாலிசிஸ். அவருக்கு முதலில் இதெல்லாம் பிடிபடவில்லை.

"இது என்னம்மா, முனியாண்டியா?"

"இல்ல அங்கிள். குள்ளன். மலைக்கு உள்ள குடியிருக்கிற ஆளுங்க."

"கையில அருவா வெச்சிருக்கானே?"

"அது கோடாலி அங்கிள்."

"எல்லாப் பயலும் வெள்ளக்காரன் மாதிரியே இருக்கான். ஒருத்தனுக்காவது நம்ம நெறம் குடும்மா. மீசையும் கறுப்பா இருக்கட்டும்."

ஆட்ரி யோசித்தாள். அடுத்த குள்ளனுக்கு நல்ல மாநிறத் தோலும் கரிய மீசையும் வந்தன. ஐயாவு அவனைத் தன் மேசைக்கு வாங்கி வைத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் வருகிற போகிற தாதிகளிடமெல்லாம் "நம்ம ஆளு" என்று காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெஃபனியும் குனிந்து பார்த்தாள். "தாடிக்குள்ள பின்னல்கூடப் போட்டிருக்கீங்க அக்கா" என்று முணுமுணுத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, "டைம் ஆச்சு, மூடுங்க" என்றாள்.

இப்படி ஜூன் மாதம்வரை போனது. எட்டு குள்ளர்கள் முடிந்திருந்தார்கள்.

ஜூன் நடுவில் ஒரு வியாழக்கிழமை ஆட்ரிக்கு ரத்த அழுத்தம் சரசரவென இறங்கியது. தூரிகை நழுவி ஒன்பதாவது குள்ளனின் முகத்தில் சிவப்பை இழுத்துவிட்டது. வாந்தி, மயக்கம். மறுநாள் காலையில் இடது கையில் எப்போதும் கேட்கும் அந்த 'விர்ர்' என்ற துடிப்பு இல்லை. டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்து இணைத்து வைத்திருந்த நாளம் அடைத்துக்கொண்டது. மருத்துவமனை, அறுவை சிகிச்சை, கை ஆறும்வரை கழுத்தில் ஒரு குழாய். மீண்டும் அதே நிலையத்துக்கு வந்தபோது ஆட்ரி ஐந்து கிலோ இளைத்திருந்தாள்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. இப்போது ஊசி இல்லை, ரத்தம் கழுத்துக் குழாய் வழியாகத்தான் போய் வந்தது. இரண்டு கைகளும் சும்மா இருந்தன. இடது கையால் பொம்மையைப் பிடித்து, வலது கையால் தீட்டலாம். தாங்கிகூடத் தேவையில்லை. நேரமும் இருந்தது. எல்லாம் இருந்தும் ஆட்ரி பையைத் திறக்கவில்லை.

"எடுத்து வைக்கவாம்மா?" என்று கேட்பார் மரியநாயகம்.

"வேணாங்க. கை வரல."

ஐந்து வாரம். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் மறுபடியும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மரியநாயகத்துக்குத் தெரிந்த வழியெல்லாம் செய்தார். உற்சாகமாகப் பேசிப் பார்த்தார். முடித்த எட்டு குள்ளர்களையும் டிவி பக்கத்தில் வரிசையாக வைத்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மாதாவிடம் முறையிட்டார். ஒரு புதன்கிழமை பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு பெட்டாலிங் ஜெயாவில் பொம்மை விற்கும் கடையைத் தேடிப் போய், இருப்பதிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்து ஒன்று வாங்கினார். சிறகு விரித்த ஒரு டிராகன்.

ஆட்ரி பெட்டியை வாங்கினாள். மேலட்டையைப் பார்த்தாள். திறக்காமலேயே மேசையில் வைத்தாள்.

"ஏங்க இத வாங்கினீங்க?"

"உனக்கு மறுபடியும் ஆசை வரட்டும்னுதான்..."

"ஆசை போறப்பல்லாம் நானும் இதத்தான் செஞ்சேன்." அவள் குரல் உயர்ந்துவிட்டது. "புதுசு ஒன்னு வாங்குவேன். வாங்குற அன்னைக்கு நல்லா இருக்கும். மறுநாள் அலமாரிக்குப் போயிரும். அந்த முப்பத்தொரு பெட்டியும் அப்படி வந்ததுதான். நான் செஞ்ச தப்ப நீங்களும் செய்யாதீங்க."

சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மரியநாயகம் டிராகனோடு கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். இருபது வருடமாக அவள் சொன்ன 'டைம் இல்ல' என்பதற்குள் வேறு என்னவோ இருந்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்டதில்லை.

மறுநாள் வியாழன். காரில் ஏறியதும் ஆட்ரி, "பைய எடுத்தீங்களா?" என்றாள்.

அவர் எடுக்கவில்லை. உடனே இறங்கி, மாடி ஏறி, பையையும் தாங்கியையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

கார் சந்து திரும்பும்போது அவள் சொன்னாள்: "ராத்திரி யோசிச்சேன். ஒரு பொம்மைய முடிக்கணும்னு நெனச்சாலே மலையா இருக்கு. இன்னும் பன்னெண்டு பேர நெனச்சா சாகலாம்போல இருக்கு. ஆனா ஒரு பெல்ட்டுக்கு பிரவுன் அடிக்கலாம். இன்னைக்கு பெல்ட் மட்டும்."

"ஒரே ஒரு பெல்ட்டா?"

"ஒன்னே ஒன்னு. நல்லா இருக்கணும்னுகூட இல்ல. அடிக்கணும், அவ்வளவுதான்."

அன்று அவர் மாமாக் கடையில் உட்காரவில்லை. தேநீரைப் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு மேலே ஏறி, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். இரண்டாவது மணி நேரம் தொடங்கியது. ஸ்டெஃபனி மேசையைத் தள்ளி வைத்தாள். ஆட்ரி பையைத் திறந்தாள். தூரிகையைக் கையில் எடுத்த அதே நேரத்தில் அவள் முகம் கோணியது. கெண்டைக்காலில் பிடிப்பு. டயாலிசிஸில் உப்பும் நீரும் வேகமாக இறங்கும்போது வருவது அது. பார்க்கிறவர்களுக்கே தாங்காது. ஸ்டெஃபனி ஓடிவந்து பாதத்தை மேல்நோக்கி அழுத்தினாள், இன்னொருத்தி சூடான பையை வைத்தாள். ஆட்ரி பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலிக் கையைப் பற்றியிருந்தாள். மரியநாயகம் கதவில் கை வைத்துவிட்டு, உள்ளே போகக் கூடாது என்று நினைவு வந்து எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் போச்சு என்றுதான் அவருக்குத் தோன்றியது.

பத்து நிமிடம் இருக்கும். வலி விட்டது. ஸ்டெஃபனி மேசையை ஓரம் தள்ளப் போனாள். ஆட்ரி கையைக் காட்டி நிறுத்தினாள். என்ன சொன்னாள் என்பது வெளியே கேட்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். புட்டியைத் திறந்தாள். கண்ணில் இன்னும் நீர் காயாமலேயே, மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினாள். தூரிகை ஒருமுறை போய் வந்தது. பொம்மையைத் திருப்பினாள். இன்னொருமுறை. பிறகு தூரிகையை அலசி, துடைத்து, மூடி போட்டு, பையைக் கட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. ரயில் சக்கரத்தை நான்கு பேர் சேர்ந்து தூக்குவதைப் பார்த்திருக்கிறார் மரியநாயகம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், பலசாலிகளுக்குக் குறைவில்லாத இடம் அது. ஆனால் இப்படி ஒரு பலத்தை அவர் பார்த்ததில்லை. கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில், "பெல்ட் எப்படி?" என்று கேட்டார்.

"கோணலா இருக்கு" என்றாள் ஆட்ரி. "சனிக்கெழம இன்னொன்னு."

சனிக்கிழமை இன்னொரு பெல்ட். செவ்வாயன்று இரண்டு. அடுத்த வாரம் பெல்ட்டெல்லாம் தீர்ந்து, செருப்புக்குப் போனாள். "இன்னைக்கு செருப்பு மட்டும்." பிறகு கோடாலிக் காம்பு. சில நாள் அந்த 'மட்டும்' மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். சில நாள் செருப்பில் தொடங்கிய கை தானாகத் தாடிக்கு ஏறி, ஸ்டெஃபனி வந்து கடிகாரத்தைக் காட்டும்வரை நிற்காது. ஒன்பதாவது குள்ளனின் முகத்தில் கிடந்த சிவப்புக் கோட்டையும் ஒருநாள் மூடி, புது முகம் கொடுத்தாள். உடம்பு முடியாத நாளில் புட்டியைத் திறந்து மூடியதோடு சரி. அதையும் அவள் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டாள்.

ஐயாவு ஒவ்வொரு முறையும் தலையைத் திருப்பாமலே கேட்பார், "இன்னைக்கு என்ன மட்டும்மா?" ஆட்ரி சொல்லுவாள். அவர், "நானும் அப்படித்தான். இன்னைக்கு நாலு மணி நேரம் மட்டும்" என்பார். எட்டு வருடத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று அதைக் கேட்ட பிறகுதான் புரிந்தது என்று ஆட்ரி மரியநாயகத்திடம் சொன்னாள்.

கை ஆறி, கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஊசி மீண்டும் இடது கைக்கு வந்தது, தாங்கி மீண்டும் மேசைக்கு வந்தது. நவம்பர் தொடக்கத்தில் இருபதாவது குள்ளன் முடிந்தான்.

அதே மாதம் பெட்டாலிங் ஜெயாக் கடையில் ஒரு போட்டி நடந்தது. மரியநாயகம்தான் அறிவிப்பைப் பார்த்துச் சொன்னார், இந்தமுறை தயங்கித் தயங்கி. ஆட்ரி உடனே சம்மதித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனார்கள். கடை நிறைய இளைஞர்கள். தலையில் விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி, விலையுயர்ந்த தூரிகைகளைப் பற்றிய பேச்சு. ஆட்ரி தன் இருபது பேரையும் கண்ணாடிப் பேழையில் வரிசையாக நிறுத்தினாள். பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு பொம்மையைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு முழுப் படையோடு வந்திருந்தவள் அவள் மட்டும்தான்.

முதல் பரிசு வேறொருவருக்குப் போனது. அவளுக்கு மூன்றாவது. நடுவராக இருந்த சீன இளைஞர் பேழையின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து, இதற்கு எவ்வளவு காலம் ஆனது ஆன்டி என்று ஆங்கிலத்தில் கேட்டார். தன்னிடம் நான்கு வருடமாக ஒரு படை தொடாமல் கிடக்கிறது, நேரமே கிடைப்பதில்லை என்றும் சொன்னார்.

"எண்பத்தொரு டயாலிசிஸ்" என்றாள் ஆட்ரி.

அந்த இளைஞருக்கு முதலில் புரியவில்லை. அவள் சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். அவர் நாளம் புடைத்திருந்த கையைப் பார்த்தார், பேழையைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். தலையை லேசாகத் தாழ்த்தினார். ஆட்ரி அவரைத் தர்மசங்கடத்திலிருந்து காப்பாற்ற, "உன் படையில பெல்ட் போட்டவன் எவனாவது இருக்கானா? அதுல ஆரம்பி" என்று சிரித்தாள். கொஞ்சம் தள்ளி நின்ற மரியநாயகம், தெரியாதவர்களிடமெல்லாம் "என் வொய்ஃப்" என்று சொல்ல வேண்டும் போல ஒரு துடிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு அடக்காமல், பக்கத்தில் நின்ற ஒருவரிடம் சொல்லியே விட்டார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்ரி மடியில் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே கிட்னி கெடச்சிட்டா என்ன பண்ணுவே?" என்றார் மரியநாயகம். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அதைப் பற்றி இருவரும் அதிகம் பேசுவதில்லை.

"வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் போயிருமே" என்றாள் ஆட்ரி. இருவரும் சிரித்துவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்: "பரவால்லங்க. இனிமே யாரும் எனக்கு டைம் குடுக்க வேணாம். நானே எடுத்துக்குவேன்."

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு அவர் காரை எடுத்தபோது, ஆட்ரி பையோடு முன்னதாகவே இறங்கி வந்து நின்றிருந்தாள். பைக்குள் அடுத்த பெட்டியின் பத்துக் குதிரைகள் இருந்தன.

"இன்னைக்கு என்ன?" என்று கேட்டார்.

"குளம்பு" என்றாள். "ஒரு குதிரைக்கு, ஒரு காலு."